படிக்கட்டுக்கு அடியில் நாலு வீடு

"அண்ணி, டிவியப் போடுங்க. நான் செத்துப் போயிட்டேன்."

கிள்ளானிலிருந்து பேசியது குமுதா, நேசம்மாவின் கணவருக்குத் தங்கை. அறுபத்து நாலு வயதாகிறது. எதையும் பெரிதாக்கிச் சொல்கிறவள். அதனால் நேசம்மா முருங்கைக் கீரை உருவுவதை நிறுத்தவில்லை.

"செத்துப் போனவ எப்படிப் பேசுற?"

"விளையாடல, அண்ணி. சீரியல் பாக்கலாம்னு டிவியப் போட்டேன். என் போட்டோ வருது. மாலை போட்டிருக்கு. கீழ குத்துவிளக்கு எரியுது. 'எங்கள் அன்புத் தாயார்'னு எழுதியிருக்கு. பின்னால சாமிப் பாட்டு ஓடுது."

"யாரு போட்டா?"

"யாரு போடுவா, உங்க மகன்தான். நாலு வீட்டு டிவியும் அவன் கையிலதானே இருக்கு. அண்ணி, எனக்கு ஏதாவது வியாதியா? டாக்டர் உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாரா?"

"உனக்கு வாய்தான் வியாதி. இரு, பாக்குறேன்."

அன்று வெள்ளிக்கிழமை. பிள்ளைகள் இரண்டு பேரும் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் அவள் வீட்டுக்குச் சாப்பிட வரும் நாள். மகள் ஜெயமாலா தைப்பூசத்துக்குப் பத்துமலையில் மொட்டை அடித்துக்கொண்டாள். தன் மகள் சுரேகாவின் பரீட்சைக்காக வேண்டுதல். மூன்று மாதமாகியும் தலையில் முடி ஒழுங்காக முளைத்தபாடில்லை. உடம்பில் இரும்புச் சத்து இல்லை என்பது நேசம்மாவின் முடிவு. அதற்குத்தான் இந்தக் கீரை.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து டிவியைப் போட்டாள்.

இரண்டு வருடத்துக்கு முன்புவரை நாலு வீட்டிலும் டிவிக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு பெட்டி இருந்தது. படம், பாட்டு, கோயில் திருவிழா, குடும்பப் படங்கள் எல்லாம் அதற்குள்தான். ஒன்று மாற்றி ஒன்று கெட்டுப்போகும். ஞாயிற்றுக்கிழமையானால் மகன் சிவேந்திரன் திருப்புளியோடு கிள்ளானில் அத்தை வீடு, பூச்சோங்கில் தங்கை வீடு, பிரிக்பீல்ட்ஸில் அம்மா வீடு என்று அலைவான். கடைசியில், ஷா ஆலமில் அவன் வேலை செய்யும் தொழிற்சாலை கழித்துக்கட்டிய ஒரு சர்வரை வாங்கித் தன் கிள்ளான் வீட்டுப் படிக்கட்டுக்கு அடியில் வைத்தான். அந்த ஒரு இயந்திரத்துக்குள் நாலு கம்ப்யூட்டர் இருப்பதாகச் சொன்னான். கண்ணால் பார்த்தால் ஒன்றுதான்.

"பெரிய பங்களாவ ரூம் ரூமா வாடகைக்கு விடற மாதிரிம்மா," என்று அப்போது விளக்கினான். "ஒவ்வொரு ரூமுக்கும் தனிச் சாவி. உங்க ரூம்ல உங்க சாமான். அத்தை ரூம்ல அத்தை சாமான். உள்ள இருக்கறவங்களுக்கு அது தனி வீடுதான்."

"வாடகை?"

"டிவி ஓடலன்னு ஆபீஸ் நேரத்துல எனக்குப் போன் பண்ணாம இருக்கணும். அதான் வாடகை."

அந்த வாடகையை நேசம்மா ஒரு மாதம்கூடக் கட்டியதில்லை.

இப்போது திரையின் மேல் வரிசையில், 'புதிதாகச் சேர்ந்தவை' என்ற இடத்தில், அவள் இதுவரை பார்க்காத சின்னச் சின்னக் கட்டங்கள் இருந்தன. முதல் கட்டத்தில் குமுதா, மாலையோடு. நேசம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. ரிமோட்டில் வலது பக்க அம்பை அழுத்தினாள்.

இரண்டாவது கட்டத்தில் அவளே இருந்தாள்.

நீலச் சேலை. நெற்றியில் விபூதி. போன வருடம் கந்தசாமி கோயில் திருவிழாவில் எடுத்த படம். கை தானாக நடு பொத்தானை அழுத்தியது. பாட்டு ஆரம்பித்தது. பாவாடை சட்டையில் ஒரு சிறுமி. நில அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் ஓர் இளம்பெண். கல்யாணக் கோலம். கையில் சிவேந்திரன், பிறகு ஜெயா. கடைசியில் மறுபடியும் நீலச் சேலை. அதற்குக் கீழே 'தோற்றம்' என்று அவள் பிறந்த தேதி. 'மறைவு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் மட்டும் இடம் காலியாக இருந்தது.

அந்தக் காலி இடத்தைத்தான் அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க. இங்க வாங்க."

முத்துக்குமாரு பேப்பரை மடித்துக்கொண்டு வந்தார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். எதற்கும் அவசரப்படாத மனிதர்.

"இது நீதானே."

"நான்தான்."

"நல்லா விழுந்திருக்கே போட்டோ."

"கீழ வாசிங்க."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார். பிறகு அவள் கையிலிருந்த ரிமோட்டை மெதுவாக வாங்கி, டிவியை அணைத்து, ரிமோட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"எதுக்கு அணைச்சீங்க?"

"சும்மாதான்."

"போன மாசம் எனக்கு ஸ்கேன் எடுத்தாங்களே. என்ன சொன்னாங்க?"

"ஒன்னும் இல்லன்னு சொன்னாங்க."

"உங்ககிட்டயா சொன்னாங்க, சிவாகிட்டயா?"

"சிவாகிட்ட."

"சிவா உங்ககிட்ட என்ன சொன்னான்?"

"ஒன்னும் இல்லன்னான்."

"அந்த ஒன்னும் இல்லய என் மூஞ்சியப் பாத்து ஏன் ஒருத்தரும் சொல்லல?"

முத்துக்குமாரு பேப்பரை விரித்தார். பேப்பர் தலைகீழாக இருந்தது. நேசம்மாவுக்கு அது போதும். முப்பத்தைந்து வருடம் அரசாங்க அலுவலகத்தில் மனுக்களோடு வந்து நின்றவர்களின் முகத்தைப் பார்த்தவள் அவள். எதையோ மறைக்கிறவர் எப்படி உட்காருவார் என்று அவளுக்குத் தெரியும்.

மகனைப் போனில் கூப்பிட்டாள்.

"சிவா, நான் எப்ப சாகப் போறேன்?"

"என்னம்மா?"

"டிவியில போட்டிருக்க. தேதி மட்டும் போடல. அதையும் சொல்லிடு. அம்பிகா அக்கா வீட்டுக் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கணுமா வேணாமான்னு தெரியணும்."

அந்தப் பக்கம் லோரி ஹாரன் கேட்டது.

"அம்மா, டிவிய ஆஃப் பண்ணுங்க. எதையும் அமுக்காதீங்க. ஹைவேல ஜாம், வந்துக்கிட்டே இருக்கேன்."

"அப்ப ஏதோ இருக்கு."

"ஒன்னும் இல்லம்மா."

"மறுபடியும் ஒன்னும் இல்ல."

அவன் வந்து சேரும்வரை அவள் சமையலறைக்குப் போகவில்லை. சோபாவின் நுனியில் உட்கார்ந்தபடி அணைந்த திரையைப் பார்த்தாள். கறுப்புத் திரையில் அவள் உருவம் தெரிந்தது. அதற்கும் மாலை போட்டால் எப்படி இருக்கும் என்று நினைப்பு ஓடியது. வயிற்றில் வலது பக்கம் லேசாக இழுப்பது போலிருந்தது. காலையில் இது இல்லை.

சிவேந்திரன் கதவைத் திறந்து வந்ததும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் லெப்டோப்பை எடுத்து மேசையில் வைத்தான். நேசம்மா அதன் மூடிமேல் கையை வைத்தாள்.

"முதல்ல பதில். அப்புறம் இது."

"அந்தப் படங்கள மூடிட்டுச் சொல்றேம்மா."

"சொல்லிட்டு மூடு."

அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

"சரி. நேத்து சாயங்காலம் எங்க பக்கம் இடி விழுந்துச்சுல்ல. கரண்ட் போய் வந்ததுல சர்வருக்குள்ள இருந்த ரூம்ல மூணு கெட்டுப்போச்சு. உங்களோடது, அத்தையோடது, ஜெயாவோடது. என்னோடது மட்டும் பொழைச்சுச்சு. புதுசா ரூம் கட்டறதுக்குன்னே சுத்தமா ஒரு அச்சு வச்சிருப்பேன். அதுல இருந்து ஒவ்வொன்னா எடுத்து, அவங்கவங்க சாவிய மட்டும் போட்டுக் குடுக்கணும். அதுக்கு நேரம் ஆகும்."

"அதனால?"

"ராத்திரி நீங்க எத்தன தடவ போன் பண்ணீங்க? டிவி வரல, டிவி வரலன்னு. பொறுக்க முடியாம என் ரூமையே மூணு காப்பி எடுத்து ஆளுக்கு ஒன்னு குடுத்துட்டேன். என் சாவிக்கொத்தும் சேந்து போயிடுச்சு. நான் மட்டும் பாக்கற அலமாரி எல்லாம் இப்ப எல்லா வீட்டுலயும் தெரியுது."

"அலமாரி தெரியுறது இருக்கட்டும். அலமாரிக்குள்ள என் பொணம் எதுக்கு?"

சிவேந்திரன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"கார்த்திகேசு பெரியப்பா சாவு ஞாபகம் இருக்கா?"

நேசம்மாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. தகனத்துக்கு முன்னால் திரையில் படம் காட்ட வேண்டும் என்று கடைசி நேரத்தில் யாரோ சொல்ல, ஒரு கல்யாண ஆல்பத்திலிருந்து அவரை மட்டும் வெட்டி எடுத்தார்கள். தோளில் யாரோ ஒரு பெண்ணின் கை மட்டும் மிச்சம் நின்றது. வளையலோடு. பாட்டை இன்டர்நெட்டில் பிடித்துப் போட்டார்கள். எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது சாமிப் பாட்டு நின்று பொரித்த கோழி விளம்பரம் வந்தது. இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்.

"அதுக்கு?"

"அதான் நம்ம குடும்பத்துல அறுபதத் தாண்டினவங்களுக்கு எல்லாம் முன்னாடியே ஒன்னு செஞ்சு வச்சேன். நல்ல போட்டோ, நல்ல பாட்டு. அந்த நேரத்துல அலைய வேணாம். தேதிய மட்டும் போட்டாப் போதும்."

"தேதிய மட்டும் போட்டாப் போதுமா? கார் ரோடு டேக்ஸ் புதுப்பிக்கற மாதிரி பேசற."

"தப்புதாம்மா."

"ஸ்கேன்?"

"பித்தப்பையில சின்னக் கல்லு. அவ்வளவுதான். இந்தாங்க, நீங்களே வாசிங்க."

அவன் கைப்பேசியில் மருத்துவமனை அறிக்கையைத் திறந்து கொடுத்தான். நேசம்மா அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தாள். கையெழுத்துப் போட்ட டாக்டரின் பெயரையும் வாசித்தாள். பிறகு இன்னொரு தடவை வாசித்தாள்.

"முருகன் மேல சத்தியமா?"

"சத்தியமா."

அவள் மூச்சு விட்டாள். மூச்சு வெளியே போனதும் அதே வழியில் கோபம் வந்தது.

"ஏன்டா, உனக்கு வேற போட்டோவே கிடைக்கலையா? அந்த நீலச் சேலை உங்க அத்தை குடுத்தது. போற நேரத்துலயும் நான் அவ சேலையிலதான் போகணுமா?"

"மாத்திடலாம்மா."

"சிவப்புக் காஞ்சிபுரம் இருக்கு. அதக் கட்டிக்கிறேன், புதுசா எடு. பாட்டும் சரியில்ல. தூங்குற பாட்டு."

முத்துக்குமாரு தொண்டையைக் கனைத்தார்.

"என்னோடது இருக்கா?"

"இருக்குப்பா. ஆனா இப்ப வேணாம், மூடப் போறேன்."

"நீ மூடறதுக்குள்ள ஒரு தடவ பாத்துடறேன். உங்கம்மா மட்டும் பாத்தா?"

ரிமோட் அவர் சட்டைப் பையில்தானே இருந்தது. சிவேந்திரன் எழுந்திருப்பதற்குள் டிவி வந்துவிட்டது. மூன்றாவது கட்டத்தில் ரயில்வே சீருடையில் ஓர் ஒல்லிப் பையன் நின்றான். அழுத்தினார்.

சிவேந்திரன் லெப்டோப்பைத் திறந்து வேகமாகத் தட்ட ஆரம்பித்தான். நெற்றியில் வேர்வை வந்திருந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்ததை நேசம்மா கவனித்தாள். ஆனால் அப்போது அவளுக்குச் சிரிப்புத்தான் பெரிதாக இருந்தது.

"'நேர்மையின் உருவம்'னு போட்டிருக்கு," என்றார் முத்துக்குமாரு. "வாசிச்சியா?"

"யாருடா எழுதினது?"

"நான்தாம்மா," என்றான் திரும்பாமல்.

"டிக்கெட் இல்லாம தம்பிய ஈப்போ வரைக்கும் ஏத்திட்டுப் போன உருவமா?"

"அது அவசரத்துக்கு," என்றார் முத்துக்குமாரு.

"சிவா, ஏன்டா இப்படி வேர்க்குது உனக்கு?"

"ஒன்னும் இல்லம்மா. எல்லாம் என் ரூமோட காப்பி இல்லையா, அதனால நாலுக்கும் ஒரே பேர் காட்டுது. எது நம்ம வீடுன்னு தெரியல. ஒவ்வொன்னா அணைச்சுப் பாக்கறேன்."

ஒன்றை அணைத்தான். டிவியில் முத்துக்குமாரு தொடர்ந்து இளமையாக இருந்தார். உடனே தொலைபேசி அடித்தது.

"அண்ணி, இப்ப டிவியே போச்சு. செத்தும் போயிட்டேன், சீரியலும் போச்சு."

"உயிரோடதான் இருக்க. எல்லாருக்கும் செஞ்சிருக்கான், பைத்தியக்காரன். அப்புறம் பேசறேன்."

இன்னொன்றை அணைத்தான். டிவியில் மாற்றம் இல்லை. அது அவனுடைய வீடாக இருக்க வேண்டும். முத்துக்குமாருவின் கடைசிப் படம் வந்தது, பூத்தொட்டிக்குப் பக்கத்தில். பாட்டு முடிந்தது. திரையின் மூலையில் ஒரு சின்ன வளையம் சுற்றியது. அடுத்தது தானாக ஓடப் போகிறது என்பதற்கு அது அடையாளம். சீரியல் பார்க்கும்போது நேசம்மாவுக்குப் பிடித்த வளையம்.

"அப்பா, ரிமோட்ட அமுக்குங்க. நிறுத்துங்க."

"எத அமுக்கணும்?"

"எதையாவது."

அதற்குள் அடுத்தது வந்துவிட்டது.

தொட்டிலில் ஒரு குழந்தை. ஸ்கூல் சீருடையில் ஒரு பெண், இரட்டைப் பின்னல். அந்தப் பின்னலை நேசம்மா தன் கையால் பின்னியிருந்தாள். ஜெயமாலா. பட்டமளிப்பு. கல்யாணம். கைக்குழந்தையாக சுரேகா.

"இவளுக்கு நாப்பத்து மூணுதானே ஆவுது," என்றாள் நேசம்மா. அவள் குரல் இன்னும் சாதாரணமாகத்தான் இருந்தது. "அறுபதத் தாண்டினவங்களுக்குன்னு சொன்ன."

சிவேந்திரன் இன்னும் வேகமாகத் தட்டினான்.

அடுத்த படத்தில் ஜெயமாலா ஒரு சாய்வு நாற்காலியில் இருந்தாள். கையில் குழாய் சொருகியிருந்தது. தலையில் பாதி முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்து, தோலில் திட்டுத் திட்டாக வெளுப்பு. படத்தின் ஓரத்தில் தேதி இருந்தது. தைப்பூசத்துக்கு முந்தின வாரம்.

பிறகு பத்துமலை. மொட்டைத் தலையில் சந்தனம். பக்கத்தில் சிரித்தபடி நேசம்மா.

அந்தச் சந்தனத்தை அவளேதான் பூசினாள். மகளுக்குத் தெய்வ நம்பிக்கை வந்துவிட்டது என்று கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். முடிதானே, வளரும் என்று மகளின் தலையைத் தட்டினாள். தட்டும்போது ஜெயா கண்ணை மூடிக்கொண்டதை, பக்தி என்று நினைத்தாள்.

படங்கள் நின்று வீடியோ ஓடியது. அதே சாய்வு நாற்காலி. பருத்தித் தொப்பி போட்ட ஜெயா கேமராவைப் பார்த்துச் சிரித்தாள்.

"எடுக்கறியா அண்ணா? ஓடுதா? சரி. அழுவாச்சிப் பாட்டு போடாத. சுரேகா பரிசு வாங்கின படம் கட்டாயம் இருக்கணும். என் மூக்கு பெருசாத் தெரியற படம் ஒன்னும் வேணாம். அம்மாவுக்கு மட்டும் இதெல்லாம் தெரியக்கூடாது, பாத்துக்க."

சிவேந்திரனின் குரல் கேமராவுக்குப் பின்னாலிருந்து கேட்டது. "தெரிஞ்சா அம்மா என்ன செஞ்சிடுவாங்க?"

"ஒன்னும் செய்ய மாட்டாங்க. திட்டறத நிறுத்திடுவாங்க. அதான் வேணாம்."

"அது நல்லதுதானேலா."

"உனக்குத் தெரியாது. நான் எங்க போனாலும் எல்லாரும் மெதுவாப் பேசறாங்க. சுரேகாகூட மெதுவாப் பேசறா. போன வாரம் பிரிக்பீல்ட்ஸ் போனேன். ஏன்டி நோஞ்சான் மாதிரி இருக்க, டயட்டா, இந்த வயசுல யாருக்குக் காட்டப் போறன்னு ஒரு மணி நேரம் திட்டினாங்க. அந்த ஒரு மணி நேரம் எனக்கு ஒன்னுமே இல்ல, அண்ணா. ஒரு வீடாவது அப்படி இருக்க..."

திரை கறுத்தது. சிவேந்திரன் சரியான வீட்டைக் கண்டுபிடித்து அணைத்துவிட்டிருந்தான்.

நேசம்மா திரையையே பார்த்தாள். கொஞ்ச நேரம் முன்பு அதில் தன் உருவத்துக்கு மாலை போட்டுப் பார்த்தவள். இப்போது அந்த உருவத்தை அவள் பார்க்கவே இல்லை.

"எங்க?" என்று கேட்டாள்.

"மார்புல," என்றான் சிவேந்திரன். "நவம்பர்ல கண்டுபிடிச்சாங்க. மருந்து கேக்குதுன்னு சொல்றாங்க. இன்னும் உறுதியாச் சொல்லல."

"அப்ப அறுபது வயசு, கோழி விளம்பரம் எல்லாம் பொய்."

"பொய் இல்லம்மா. ஆனா முதல்ல செஞ்சது ஜெயாவோடது. அவ கேட்டா. செஞ்சு அந்த அலமாரியில வச்சேன். அது தனியா இருந்துச்சு. ஒரே ஒரு கட்டம். நான் டிவி போடறப்ப எல்லாம் அது மட்டும் நின்னுச்சு. தாங்க முடியல. அதான் உங்களுக்கு, அப்பாவுக்கு, அத்தைக்கு எல்லாம் செஞ்சு பக்கத்துல வச்சேன். வரிசையா இருந்தா, ஏதோ சாதாரண விஷயம் மாதிரி இருந்துச்சு."

நேசம்மா கணவர் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கும் தெரியும்."

முத்துக்குமாருவின் கையில் இன்னும் ரிமோட் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்திருந்தார்.

"இந்த வீடியோ தெரியாது," என்றார்.

"வியாதி தெரியும்."

"தெரியும்."

"புதன்கிழமை புதன்கிழமை கிள்ளான்ல சீட்டாடப் போறேன்னு கொமுட்டர் ரயில் ஏறுவீங்களே."

"மருந்து ஏத்தற நாள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காது. நான் பக்கத்துல உக்காந்திருப்பேன்."

"சீட்டுல தோத்துட்டேன்னு மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வந்த அன்னிக்கு?"

"அன்னிக்கு அவ ரொம்ப வாந்தி எடுத்தா."

தோற்றதற்காக அவரை அவள் இரண்டு நாள் கேலி செய்தாள். அதுவும் ஞாபகம் வந்தது. ஒவ்வொன்றாக வந்தது. மகளின் தட்டில் மிச்சம் இருந்த சோறு. 'வெயில்' என்று சொல்லித் தலையில் கட்டியிருந்த துணி. பத்துமலைப் படிகளில் நின்று நின்று ஏறியது. எல்லாவற்றையும் அவள் பார்த்துத்தான் இருந்தாள். எல்லாவற்றுக்கும் திட்டித்தான் இருந்தாள்.

"அம்மா, ஜெயா வர நேரம்," என்றான் சிவேந்திரன். "உங்களுக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிய வேணாம். அவ கேட்டது அது ஒன்னுதான். உங்க ரூம பழையபடி சுத்தமா கட்டிக் குடுத்துடறேன். நீங்க இதப் பாக்கவே இல்லன்னு..."

"டிவிய வேணா பழையபடி கட்டுவ. என்ன எப்படிக் கட்டுவ?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

வாசல் மணி அடித்தது. ஒரு தடவை இல்லை, விடாமல் அடித்தது. முத்துக்குமாரு போய்த் திறந்தார். ஜெயமாலா அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். தலையில் கட்டியிருந்த துணி ஒரு பக்கம் நழுவியிருந்தது. மூச்சு வாங்கியது. அம்மாவைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"அம்மா, உங்களுக்கு என்ன?"

"எனக்கு என்ன?"

"டிவியில பாத்தேன். உங்க போட்டோ, மாலை எல்லாம்..." அண்ணன் பக்கம் திரும்பினாள். குரல் உடைந்தது. "நீ யாருக்குச் செய்வேன்னு எனக்குத் தெரியும். அம்மாவுக்கு என்னன்னு ஏன் எங்கிட்ட சொல்லல? எல்லாரும் சேந்து எங்கிட்ட மறைச்சு வச்சிருக்கீங்களா? எனக்கு மட்டும் தெரியக்கூடாதா?"

சிவேந்திரன் நாற்காலியை விட்டு எழுந்தான். முத்துக்குமாரு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பித்தப்பையில கல்லு," என்றாள் நேசம்மா. "குண்டுமணி அளவு. உங்கண்ணனுக்குக் கல்லுக்கும் காரியத்துக்கும் வித்தியாசம் தெரியல. உங்க அப்பாவுக்கும் ஒன்னு செஞ்சிருக்கான், குமுதாவுக்கும் செஞ்சிருக்கான். வயசானவங்களுக்கு எல்லாம்."

"நெஜமாவா?"

"ரிப்போர்ட் அவன் போன்ல இருக்கு. பாரு."

ஜெயமாலா கதவோரத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிறகு அண்ணனைப் பார்த்தாள். 'வேறு எதுவும் ஓடவில்லையே' என்று அந்தப் பார்வை கேட்டது. அவன் லெப்டோப்பைப் பார்த்தான்.

நேசம்மா மகளுக்கு முன்னால் போய் நின்றாள். நழுவியிருந்த துணியை இழுத்துச் சரி செய்தாள். விரல் பட்ட இடத்தில் தலை வழவழவென்று, சூடாக இருந்தது. கையை எடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஜெயா அந்தக் கையையே கவனித்தாள்.

எல்லாரும் மெதுவாகப் பேசுகிறார்கள் என்று இவள்தான் சொன்னாள். நேசம்மா தொண்டையைச் சரி செய்துகொண்டாள்.

"யாரு உன்ன இப்படி ஓடி வரச் சொன்னா? லிஃப்ட் இல்ல? ஒரு போன் அடிச்சுக் கேட்டா என்ன, கையில வச்சிருக்கறது கல்லா? மூஞ்சியப் பாரு. மதியம் என்ன சாப்பிட்ட?"

"பிஸ்கட்."

"பிஸ்கட். நாப்பத்து மூணு வயசுல பிஸ்கட். உள்ள முருங்கைக் கீரை பாதி உருவிக் கிடக்குது, எல்லாம் உன்னாலதான். மிச்சம் வச்சா, அந்தத் தட்டோட பூச்சோங் அனுப்பிடுவேன்."

ஜெயாவின் தோள்கள் இறங்கின. உதட்டோரத்தில் அந்தப் பழைய சிரிப்பு வந்தது.

"சாப்பிடறேம்மா. கத்தாதீங்க."

"கத்துவேன். இன்னொன்னு." சமையலறைப் பக்கம் நடந்தவள் திரும்பவில்லை. "புதன்கிழமை உங்க அப்பா வீட்டுல இருக்கட்டும். அவர் சீட்டாடினது போதும். நான் வரேன்."

ஜெயமாலா அப்பாவைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். அணைந்து கிடந்த டிவியைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தம் வற்றியது. பிறகு மெல்லத் திரும்பி வந்தது.

சமையலறையில் கீரைத் தட்டு இழுபடும் சத்தம் கேட்டது.

"வந்தா அங்க டாக்டரத் திட்டக்கூடாது," என்றாள் ஜெயா.

"திட்டுவேன்."

"நர்ஸையும் திட்டக்கூடாது."

"அது அவ ஊசி போடறதப் பொறுத்தது. கைய கழுவிட்டு வா. கீரைய நான் ஒருத்தியா உருவ முடியாது."